ஏழு அடி தள்ளி ஓர் ஆணி

ரிச்சி தெருவில் இது மூன்றாவது கடை.
முதல் இரண்டிலும் டார்ச் கேட்டதற்கு
"போன்லயே இருக்கே மேடம்" என்றார்கள்.

இருந்தது.
பள்ளிக்கரணை ஏரி
தன் பழைய விலாசத்தைத் தேடி
எங்கள் தெருவுக்குள் வந்த டிசம்பர் ராத்திரி
போனில் பதினோரு சதவீதம் இருந்தது.
வெளிச்சம் வேண்டுமென்றால் குரல் போகும்.
குரல் வேண்டுமென்றால்
இருட்டில் உட்கார வேண்டும்.
உட்கார்ந்தோம்.
கட்டில் மேல் மெத்தை,
மெத்தை மேல் அரிசி மூட்டை,
அதன் மேல் நானும் பெனிட்டாவும்.
மாதா படத்தின் முன்னால்
புது மெழுகுவர்த்தி இரண்டு இருந்தன.
தண்ணீர் மேல் பெட்ரோல் வாடை.
தீக்குச்சியைக் கிழிக்கவில்லை.

தேவநேசனுக்கு ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட்.
நான்கு சதவீதத்தில் கூப்பிட்டான்.
"மாடிக்குப் போயி..."
அவ்வளவுதான்.

கமர்தீன் பாய் கண்ணாடி மேல்
பன்னிரண்டு டார்ச்சைப் பரப்புகிறார்.
"இது ஆயிரம் லூமென்.
மெரினால நின்னு அடிச்சா
கப்பல்காரன் திரும்பிப் பார்ப்பான்."
கப்பல் எதுக்கு பாய்,
கட்டிலிலிருந்து மாடிப்படி தெரிந்தால் போதும்.

அடுத்தது:
மங்கல், பளிச், கண் சிமிட்டல், சிவப்பு, சைரன்.
ஆறாவது அமுக்கலில்தான் அணைகிறது.
பயந்த விரலுக்கு ஆறு வரை எண்ணத் தெரியாது.

"இது சார்ஜ் மாடல்.
ஒரு நைட்டு போட்டா ஒரு வாரம் வரும்."
நாலு நாள் கரண்ட் இல்லாத ஊரில்
எந்த நைட்டு?
தானாகவே அதை ஓரம் தள்ளினார்.

அலுமினிய டார்ச் ஒன்றை எடுத்து
வாயில் கவ்விப் பார்த்தேன்.
பாய் எழுந்துவிட்டார்.
ஒரு கையில் பிள்ளை,
மறு கையில் சுவர்,
மிச்சமிருப்பது பல்தானே.
கனம். தாடை வலித்தது.
மஞ்சள் பிளாஸ்டிக், இரண்டு செல், ஒரே பொத்தான்:
அது பல்லுக்குள் அடங்கியது.
துப்பட்டாவில் துடைத்தேன்.
"இனி இத நீங்கதான் வாங்கணும்" என்றார்.

தண்ணீரில் போடச் சொன்னேன்.
தரை துடைக்கும் வாளி வந்தது.
அழுக்குத் தண்ணீரின் அடியில்
மஞ்சள் எரிந்துகொண்டே கிடந்தது.
"தண்ணிக்கடியில என்னத்தப் பாக்கப் போறீங்க?"
மூடி மிதந்துபோன
சாக்கடைக் குழியின் மேலும்
தண்ணீர் தண்ணீராகத்தான் நிற்கும்.
அதைச் சொல்லவில்லை.
சும்மாதான் பாய் என்றேன்.

இருநூற்று எண்பது சொன்னார்.
இருநூற்று நாற்பதுக்குப் பேசினேன்.
பயம் வேறு, பேரம் வேறு.

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில்
தேவநேசன் ஆணி அடித்தான்.
மாதம் ஒன்றாம் தேதி
வாடகைக்கு முன்னால் செல்லைப் பார்ப்பது,
பச்சை பூத்திருந்தால் மாற்றுவது.
கண்ணை மூடிக்கொண்டு
கட்டிலிலிருந்து ஏழு அடி, வலது கை, ஆணி.
நான்காம் தடவை முழங்காலில் ஸ்டூல்.
"இந்த வீட்ல பேய் வேற தேவையா" என்று
புரண்டு படுத்தான்.

அக்டோபரில் முதல் மழை.
மின்விசிறி நின்றது.
எழுந்தேன். ஏழு அடி.
வெறும் ஆணி.

நெஞ்சு ஒருமுறை தண்ணீரில் இறங்கி ஏறியது.

போர்வைக்குள் வெளிச்சம்.
பெனிட்டா உள்ளங்கையில் டார்ச்சை அழுத்தி
விரல் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
"அம்மா, கைக்குள்ள எலும்பு தெரியலயே?"
"செல் தீந்துடும்டி. அணை. மாட்டு."

அணைத்தாள்.
கட்டிலிலிருந்து குதிக்கும் சத்தம்.
ஒண்ணு, ரெண்டு, மூணு...
அவள் காலுக்கு அது பத்து.
ஸ்டூலைச் சுற்றிப் போனாள்,
எப்போது பழகினாளோ.
இருட்டில்
ஆணி டார்ச்சை வாங்கிக்கொண்ட
டிக்.