ஏரி இறங்கிய கோடை

மானிடோபாவில் அந்த வருடம்
ஏரி பதினெட்டு அடி இறங்கியது.
சேற்றுக்கு மேலே ஒரு காரின் கூரை.

மடக்கு நாற்காலி, பிளாஸ்க் சகிதம்
ஊரே கரையில்.
எழுபத்து நான்கில் வெர்னா
ஏதோ பச்சை டாட்ஜில் ஏறினாள் என்பார்கள்.
பத்தாம் வகுப்பில் எனக்கு முன் பெஞ்சு அவள்.
கிரேன் ஓட்டியவன் நான்.

சன்னல் வழியே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது,
தீரவே தீராதுபோல.
பிறகு தெரிந்தது:
நீலம். ஃபோர்டு. உள்ளே ஒருவருமில்லை.
காப்பீட்டுப் பணத்துக்காக எவனோ தள்ளிவிட்டது.

"நல்லவேளை" என்றார் பாதிரியார்.
இங்கா ஹால்வர்சன் தலையசைக்கவில்லை.
மடியில் வைத்திருந்த கம்பளிப் போர்வையை
மணல் உதறி
நான்காக மடித்தாள்.

ஆகஸ்டு வெயில்.
எதற்கு அது என்று
யாரும் கேட்கவில்லை.
கொக்கியை வெறுமனே
மேலே ஏற்றினேன்.