செத்த நேரம்

காதர்பேட்டைப் பின்சந்து, மூன்றாம் மாடி.
எம்பிராய்டரி மெசின்களுக்கு ஞாயிற்றுக்கிழமை.
வேஸ்ட் துணி மூட்டைகள்மேல் இருபத்தியொரு பேர்.
திரைக்கு நாச்சிமுத்து கொடுத்த வெள்ளைத்துணி:
இத்தாலிக்குப் போய்
ஓரத்தையல் கோணலென்று
கப்பலேறித் திரும்பி வந்த சரக்கு.
அதன்மேல்தான்
இத்தாலிச் செத்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

சின்ன ஊர். அதற்கொரு தபாலாபீஸ்.
புதைத்த மறுவாரமே
பென்சனுக்கு வரிசையில் நிற்கிறார்கள்,
வாயில் மண்ணோடு, இடித்துக்கொள்ளாமல்.
குமாஸ்தா தலைநிமிராமல் கேட்கிறான்:
உயிரோடிருப்பதற்குச் சான்றிதழ்?
இல்லாதவர்களுக்கு
மேசைக்கடியில் மண்வெட்டி.

தெய்வாத்தாள் டீச்சர்
முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.
போன கார்த்திகையில் கருவூலத்தில்
அவர் கட்டைவிரல் ரேகை விழவில்லை.
"நான் இல்லேன்னு பொட்டி சொல்லிருச்சுங்க,
மூணு தடவ."

அடியில் ஓடும் எழுத்து நாலு நொடி பிந்தி வந்தது.
என் தப்புதான்.
பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள்,
படித்தவர்கள் பிறகு.
நடுவில் அந்த நாலு நொடி
ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்த்தார்கள்,
எழவு வீட்டில் சிரித்துவிட்டவனைப் பார்ப்பதுபோல.

அப்புறம் அது வந்தது.
வரிசைக் கடைசியில் குமாஸ்தாவின் பெண்டாட்டி.
கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைக் கவுன்,
ஒரு காதில் மட்டும் தோடு.
மண்வெட்டியை எடுத்தான். வைத்தான்.
ரப்பர் முத்திரையில் எச்சில் தொட்டு
அவள் நெற்றியில் குத்தினான்:
பெறப்பட்டது.

"அட கெரகத்த."
ராக்கியண்ணன் எழுந்தார்.
அவர் வீட்டில் போய் இன்னும் வருசம் திரும்பவில்லை.
யார் காலையோ மிதித்தார்.
படியில் செருப்புச் சத்தம்
மூன்று மாடியும் கேட்டது,
அதன்மேல் பாதிப்பேர் சிரிப்பு.

டீக்கடையில் சண்டை.
"செத்தவங்களக் கேலி பண்றதுக்கு
எதுக்குங்க ஒரு படம்?"
"உசுரோட இருக்கறவனத்தான்யா கேலி பண்றான்!"
திருமூர்த்தி, வங்கியில் வேலை, விரலை நீட்டி:
"இது நம்ம நைட் ஷிப்டப் பத்தின படம்.
டபுள் ஷிப்ட் முடிச்சு வர்றவங்க
இப்பிடித்தான நடக்கறாங்க?"
ஓவர்லாக் தைக்கிற கோகிலவாணி
தம்ளரைக் கீழே வைக்காமல் சொன்னாள்:
"நாங்க அப்பிடி நடக்கறதில்லீங்க.
ஆறே காலுக்கு பஸ்ஸு. ஓடுவோம்."

மின்மயானத்துச் சென்னியப்பனை எல்லோரும் பார்த்தோம்.
தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அவர்தானே.
பன்னைத் தோய்த்துத் தின்று முடித்தார்.
"எந்திரிக்கறதெல்லாம் செரிதானுங்க.
சூட்டுல நரம்பு இழுக்கும், சித்தெ உக்காருவாங்க.
மறுக்காப் படுத்துக்குவாங்க.
வரிசையில நிக்கறதுதான் ஓவரு."
கொஞ்சம் யோசித்து,
"ஆனா அந்தக் குமாஸ்தா நம்மாளு.
ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு இல்லாம
நானே உள்ள உடறதில்ல."

ராக்கியண்ணன் வீட்டுக்குப் போகவில்லை.
ஸ்கூட்டர் மறைவில்
குடிக்காத டீயோடு நின்றிருந்தார்.
"அந்தப் புள்ளைக்குப் பணம் குடுத்தானா?"

"குடுத்தான்" என்றது ஒரு பக்கம்.
"எங்க குடுத்தான், எண்ணிக்கிட்டே இருந்தான்"
என்றது இன்னொரு பக்கம்.
மறுபடி சண்டை. அவரை மறந்துவிட்டார்கள்.

என் சட்டையைப் பிடித்துத் தனியே இழுத்தார்.
"வர்ற ஞாயித்துக்கெழம மறுக்காப் போடு, எனக்கு மட்டும்.
எழுத்து வேண்டாம்.
செத்த நேரந்தான்.
அவ வந்து நிப்பாள்ள,
அந்தமுட்டும்.
அவன் முத்திரைய எடுக்கறதுக்குள்ள நிறுத்திரு."

சரியென்று தலையாட்டினேன்.
துணி இருக்காது என்று சொல்லவில்லை.
விடிந்தால் அது செகண்ட்ஸ் கடையில்
கிலோ நூற்றிநாற்பது.