ஒரே மட்டம்

மேட்டூரில் திறந்த தண்ணீர்
எங்கள் படுகைக்கு வந்து சேர மூன்று நாள் ஆகும்.
முதல் நாள் அது செய்தி.
இரண்டாம் நாள் தலையாரியின் வாட்சப் குரல்:
ஒன்று எழுபது, ஒன்று தொண்ணூறு.
லட்சம் என்ற சொல்லை அவர் எப்போதோ விட்டுவிட்டார்,
எங்களுக்கும் தேவைப்படவில்லை.
மூன்றாம் நாள்தான் அது தண்ணீர்.

யூரியா சாக்கு நாற்பத்திரண்டு சேர்த்து வைத்திருந்தேன்.
நிரப்பத்தான் மணல் இல்லை.
கொள்ளிடம் இருநூறு தப்படியில் ஓடுகிறது,
மணல் இல்லை.
லாரி லாரியாக எந்த ஊர் மாடிக்கோ ஏறிப் போய்விட்டது.
கரூர்ப் பக்கம் மலையை உடைத்துப் பொடித்த எம்-சாண்டை
அரை யூனிட் கடனுக்கு வாங்கி
ஆற்றுக்கு எதிரே அடுக்கினேன்.

முதல் மூட்டை வாசலுக்கு இல்லை,
கக்கூஸ் கோப்பைக்கு.
போன தடவை வாசலில் இடுப்பளவு அடுக்கிவிட்டு
நானும் குணசீலனும் விடிய விடியக் காவல் நிற்க
அது பின்னாலிருந்து கொப்பளித்துக்கொண்டு வந்தது,
வீட்டு ஆள் மாதிரி,
கொல்லைப்பக்கமாக.

ஃபிரிட்ஜ் மிதக்கும் என்று யார் கண்டது?
தெப்பம்போலக் கூடத்தைச் சுற்றி வந்து
கதவை அடைத்துக்கொண்டு நின்றதே.
இந்தத் தடவை நைலான் கயிற்றில்
மாட்டைக் கட்டுவதுபோல் ஜன்னல் கம்பியில் கட்டினேன்,
பக்கத்தில் கன்றுக்குட்டியாக சிலிண்டர்.

பிளக் பாயிண்டுகளைக் கோடையிலேயே
மரியதாஸ் கொத்திப் பெயர்த்து
என் தோளுயரத்தில் வைத்துவிட்டார்.
அன்றிலிருந்து மாவு டின் மேல் ஏறி நின்றுதான்
மிக்ஸி சட்னி அரைக்கிறது.
"வெள்ளம் என்னைவிட உசரமாம்மா?"
என்று இலக்கியா கேட்டாள்.
நான் மிக்ஸியைப் போட்டேன். அந்தச் சத்தத்தில்
எதையும் கேட்காமல் இருக்கலாம்.

குணசீலன் திருப்பூரில், சாயப்பட்டறையில்.
பிள்ளையை எதிர்வீட்டுச் செண்பகவல்லி
தன் பிள்ளைகளோடு முகாமுக்குக் கூட்டிப்போனாள்.
போகுமுன் தன் வீட்டைப் பூட்டி
கதவிடுக்கெல்லாம் டேப் ஒட்டி, களிமண் அப்பி,
ஊசி நுழையாமல் செய்தாள்.
எனக்குப் பொறாமையாக இருந்தது.

சாயங்காலம் மேஸ்திரி அய்யாக்கண்ணுவின் குரல் வந்தது,
பாக்கி எண்ணூறு ரூபாயை ஞாபகப்படுத்திவிட்டு,
போகிறபோக்கில்:
"வெளிய முட்டிக்கு மேல ஏறுச்சுன்னா
பிடிவாதம் புடிக்காத, தங்கச்சி. கதவத் தொறந்துடு.
உள்ளயும் வெளியயும் ஒரே மட்டமா நின்னா செவுரு தாங்கும்.
இல்லாட்டி நாலரை இஞ்சு செவுரு,
உள்பக்கமாப் படுத்துக்கும்."

பைத்தியக்காரப் பேச்சு என்று நினைத்தேன்.
இரண்டாம் தடவை கேட்டேன்.
மூன்றாம் தடவை கேட்கும்போது
ஜன்னலுக்குக் கீழே சுவர் வியர்த்திருந்தது.

ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
அடுக்கிய மூட்டைகளை ஒவ்வொன்றாக நானே எடுத்தேன்.
மணலுக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை.
தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு
எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது.
வா என்று சொல்லவில்லை.
திறந்தேன்.

ஆறாம் நாள் தண்ணீர் இறங்க இறங்க
அந்தத் தண்ணீரிலேயே சேற்றைக் கலக்கி வெளியே தள்ளினோம்,
காயவிட்டால் சிமெண்டு.
நான்கு சுவரும் நின்றிருந்தன,
மாவு டின்னுக்குள் ஒரு கெளுத்தி.
இலக்கியா சுவரிலிருந்த அழுக்குக் கோட்டின் அருகே போய்
விறைப்பாக நின்று பார்த்தாள்.
கோடு அவள் தாடையோடு நின்றுவிட்டது.

எதிர்வீட்டில்
தெருப்பக்கச் சுவர் உள்ளே பார்த்துப் படுத்திருந்தது.
கதவு மட்டும் நிலையோடு தனியாக நின்றது,
டேப் பிரியாமல், பூட்டு பூட்டியபடி.
செண்பகவல்லி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து
என்ன செய்வதென்று தெரியாமல்
என்னைப் பார்த்தாள்.

மூன்று தடவை கேட்ட குரல்.
அவளுக்கு ஒரு தடவை அனுப்பியிருக்கலாம்.