தண்ணிக் குளிசை

மொப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போவேன்.
"அக்கே, மெஹாட்ட என்ன."
அவர்கள் மொழியில் என்ன என்றால் வா.
அடுத்த பத்து நிமிடம் நான்தான் தமிழ்.
சம்பளச் சீட்டில் அதற்கு வரி கிடையாது.

கதிரையில் மதலேனம்மா.
கேஸ்வெர்க்ஸ் வீதி மூலையில் வெற்றிலை விற்கிறவர்,
மட்டக்குளி பஸ்ஸில் விடிய நாலரைக்கு ஏறுகிறவர்.
கிளினிக் கொப்பி மூன்று சிலிசிலிப் பைக்குள்.

டொக்டர் நெத்மி கணினியைப் பார்த்தபடி கேட்கிறார்:
மருந்து ஒழுங்காகப் போடுகிறாரா?
நான் கேட்கிறேன். ஆமாங்க.
உப்பைக் குறைத்தாரா? ஆமாங்க.
விளங்கியதா? ஆமாங்க, சரிங்க மிஸ்.
பிறசர் நூற்று எண்பது.
மே மாதம் ஒரு குளிசை கூடியது,
ஜூலையில் இன்னொன்று.
இன்றைக்கும் பேனை அந்தப் பக்கம்தான் போகிறது.

எழும்பும்போது மேசை விளிம்பைப் பிடித்து
"ஒரு மாதிரியா இருக்கு புள்ள" என்றார்.
எனக்கு. டொக்டருக்கு அல்ல.

ஒரு மாதிரி.
இதை எந்தச் சிங்களத்தில் சொல்ல?
தலைச்சுற்று என்றால் ஒரு குளிசை வரும்,
நெஞ்சு என்றால் ஈசிஜி வரிசை,
மனசு என்றால் வேறு கட்டிடம்.
ஆய்வுகூட யன்னலில் எழுதியிருக்கிறது:
மாதிரிகளை இங்கே வைக்கவும்.
இந்த மாதிரியை எந்தக் குப்பியில் ஊற்றுவது?

அவ என்னவோ சொல்றா மிஸ்,
எனக்குச் சொல்லத் தெரியல்ல, என்றேன்.
முதல் தடவை, உள்ளதை.

டொக்டர் கதிரையைத் திருப்பினார்.
சில்லு கிறீச்சிட்டது. வெளியே நூற்றுப்பத்துப் பேர்.
யோசித்து, பிழை வருமோ என்று தயங்கி, தமிழில்:
"என்ன... மாதிரி?"

மதலேனம்மா என்னைப் பார்க்கவில்லை.
விட்டு விட்டு வந்தது:
காலையில போடுற தண்ணிக் குளிசை
நாலு மாசமா போடுறதில்ல.
போட்டா அரை மணிக்கொருக்கா போகணும்.
பஸ்ஸில எங்க போறது?
சந்தியில கக்கூஸுக்கு ஒவ்வொரு தரமும் காசு,
திரும்பி வந்தா தட்டுல பாக்கு இருக்காது.
மத்ததெல்லாம் போடுறேன். மாதா சத்தியமா.

நான் சிங்களத்தில் சொல்லி முடிக்குமுன்
புதிதாய் எழுதியதை டொக்டர் வெட்டிவிட்டார்.
பின்னேரம் நாலுக்கு, வீட்டுக்குப் போய், என்றார்.
அவ்வளவுதான் வைத்தியம்.

ஒக்டோபரில் நூற்று நாற்பது.
எனக்கு ஒரு கூறு வெற்றிலை தந்தார்.
நான் வெற்றிலை போடுவதில்லை. வாங்கிக்கொண்டேன்.

ஆனால் பதினொன்றாம் வார்டு நடையைக் கழுவும்போது
போன வருஷத்து மனிதர் ஒருவர் வருகிறார்.
கிராண்ட்பாஸ் மரக்காலையில் வேலை, பெயர் மறந்துபோயிற்று.
விளங்கினதா கேள் என்றார்கள்.
அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.
குழாயடியில் என் வாளி நிரம்பி வழிகிற சத்தம்.
விளங்கிச்சாம், என்றேன்.