ஒன்பது ஊசி

பழைய லப்டொப் செவ்வாய்க்கிழமை செத்தது.
விசிறி ஒருக்கா இருமியது, பிறகு இல்லை.
இரத்தம் எண்ணுகிற மெசின் மட்டும் பக்கத்தில்
பச்சை லைற்றோடு,
சொல்ல நிறைய இருந்தும்
கேட்க ஆளில்லாமல்.

அதற்குத் தெரிந்தது ஒரே பாஷை.
அந்தப் பாஷை விளங்குவது
விண்டோஸ் எக்ஸ்பிக்கு மட்டும்.
கொம்பனிக்குப் போன் எடுத்தேன்.
"புது மெசின் எடுங்கோ மிஸ்,
முப்பத்தெட்டு லட்சம்" என்றான்.
எங்கள் லாப்பின் கூரைக்கே
இன்னும் கடன் கட்டி முடியேல்லை.

ஸ்ரான்லி வீதியில் முதல் கடை.
கண்ணாடிக்குள் இருபத்திமூன்று லப்டொப்,
எல்லாம் அப்பளம்போல மெல்லிசு.
டிலுக்சன் என்று சட்டையில் பெயர் குத்திய பெடியன்
ஒவ்வொன்றாய்த் திறந்து காட்டினான்:
விரல் வைத்தால் திறக்கும்,
முகம் பார்த்தால் திறக்கும்.
நான் ஒன்றின் முகத்தையும் பார்க்கவில்லை.
கவிழ்த்து, விலாவைத் தடவி,
பின்பக்கம் தேடினேன்
ஒன்பது ஊசி, மேலே ஐந்து, கீழே நாலு.
"அக்கா, மாட்டுக்குப் பல்லுப் பார்க்கிற மாதிரியெல்லோ பார்க்கிறியள்."
ஓம் தம்பி,
பல்லுத்தான் பார்க்கிறன்.

யூஎஸ்பியில் குத்துகிற மாற்று வயர் ஒன்று தந்தான்.
கணக்கெழுதும் கொம்பியூட்டரில் குத்திப் பார்த்தேன்.
மெசின் அனுப்பியது ஹீமோகுளோபின் பன்னிரண்டு.
திரைக்கு வந்து சேர்ந்தது
நாலு கேள்விக்குறியும் ஒரு ஆட்டினும்.

எனக்குச் சாதகம் பார்த்த நேரம்
பத்தில் ஏழு பொருந்தினால் காணும் என்று
கட்டிவைத்தார்கள்.
இதற்கு ஒன்பதும் பொருந்தவேணும்.

கஸ்தூரியார் வீதி, திருநெல்வேலிச் சந்தி,
பிறகு சுன்னாகத்தில், மீன் சந்தைக்குப் பின்னால்,
மரியசீலனின் திருத்துகிற கடை.
உரப்பையைக் கவிழ்த்துக் கொட்டினார்.
செங்கல் தடிப்பில் ஒன்று,
பரிஸில் இருந்து சொக்கிலேற் பெட்டிக்குள் வந்ததாம்,
விசையெல்லாம் பிரெஞ்சு.
ஏ அடித்தால் கியூ விழுகிறது.
திருப்பிப் பார்த்தேன்.
ஒன்பதும் இருந்தன,
ஒன்றுகூட வளையாமல்.

பென் டிரைவில் கொண்டுபோன எக்ஸ்பியை
முக்கி முனகி ஏற்றிக்கொண்டது.
"பதினெட்டாயிரம். ஆனால் ஒரு குறை" என்றார்.
"உள்ளுக்குப் பொத்தான் பற்றறி செத்துப்போச்சு,
திகதி நிக்காது.
கழட்டி மாத்த ரெண்டு நாள் விடவேணும்."
ரெண்டு நாள் லாப்பைப் பூட்டிவைக்க ஏலாது.
பதினாறுக்குத் தந்தார்.

ஆகவே ஒவ்வொரு நாளும் விடிய ஆறரைக்கு
அது கண் விழிப்பது
2005 தை முதலாம் திகதியில்.
கடல் வந்துபோய் ஆறாம் நாள்.
மணற்காட்டில் அப்போதும்
தேடிக்கொண்டுதான் இருந்தோம்.

முதல் கிழமை ஒருநாள் மறந்துபோனேன்.
தனுசிகா, வயது ஒன்பது, டெங்கு சந்தேகம்,
பிளேற்லெற் எண்பத்தொன்பதாயிரம் என்று
அச்சடித்துக் கொடுத்துவிட்டது
அவள் பிறக்கப் பதினொரு வருடம் முன்னதாக.
தகப்பன் தாளை மடித்துத் திருப்பித் தந்தார்.
"தங்கச்சி, இது ஆற்றை ரத்தம்?"

இப்போது மறப்பதில்லை.
மூலையில் மணிக்கூட்டைத் திறந்து
வருடத்துக்குப் பக்கத்து அம்பை
ஒவ்வொன்றாய் அமத்துவேன்.
ஆறு.
ஏழு.
எட்டு.
அதற்குப் பிறகு விரல் எடுக்காமல்
அமத்திப் பிடித்துவிடுவேன், ஓடும்.
சில நாள் கூட ஓடி
2031க்குப் போய் நிற்கும்.
அங்கிருந்து கீழே இறங்கி வருவேன்,
அவசரமில்லாமல்.

வெளியே வாங்கில்
வெறுவயிற்றோடு ஏழு பேர்.
வயர் இறுக்கமோ என்று
ஒருக்கா அமத்திப் பார்த்துவிட்டு
முதல் நம்பரைக் கூப்பிடுகிறேன்.