வரவுப் படிவம்

சுற்றறிக்கை வந்தது, குழு கூடியது.
பழைய சஞ்சிகை அறையில் ஒரு மேசை போட்டோம்.
கதிரை இரண்டு. ஏசி பாதி நாள் வேலை செய்யும்.
கதவில் மும்மொழியிலும்
ஆய்வுத் தரவு முகாமைத்துவ சேவை.
மூன்று மாதம்
கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்கத்தான்
ஆட்கள் வந்தார்கள்.

பிறகு முர்ஷிதா,
நனைந்த குடையும் ஒரு பிஸ்கட் டின்னுமாய்.
உள்ளே பத்தொன்பது பென் ட்ரைவ்:
களனி கங்கையின் பதினொரு வருட உப்பு.
வரட்சியில் கடல் எவ்வளவு தூரம் ஏறியது என்று
ஆய்வுகூடத்தில் ஆள் மாறி ஆள் எழுதியது.
"இருபதாவது ஓட்டோவில விட்டுப் போச்சு," என்றாள்.
"மருதானையா, பொரளையா, அதுவும் ஞாபகமில்ல."

ஒவ்வொன்றாகத் திறந்தோம்.
கடைசி.
கடைசி சரியானது.
இதுதான் கடைசி.
ஏழாம் நிரலின் தலையில் 'பு2' என்று மட்டும்.
பு என்றால் புதியதா, புள்ளியா,
புகையிரதப் பாலத்தடியா?
எழுதிய யோகவதனி மெல்பேர்னில் இருக்கிறாள்.
எங்களுக்கு மத்தியானம்,
அவளுக்குப் பொழுதுபடுகிற நேரம்.
பின்னால் ஒரு குழந்தை அழுதது.
"அதா? புயலுக்குப் பிறகு ரெண்டாம் நாள்.
மீட்டர் நனைஞ்சிருந்தது. நம்பாதீங்கோ."

நம்பாதீங்கோ.
ஏழாண்டாய் அந்த எண்களோடு
கூடவே இருந்திருக்க வேண்டிய சொல்.
அன்றிரவே ஒரு படிவம் தட்டினேன்:
யார் அளந்தது, எதனால், எங்கே நின்று,
எதை நம்பக்கூடாது.
தமிழ்ப் பிரதியில், தூக்கக் கலக்கத்தில்,
தரவு என்பதை வரவு என்று அடித்துவிட்டேன்.

கன்டீனில் முர்ஷிதா என்ன சொன்னாளோ,
மறுகிழமை இரசாயனவியலில் இருந்து நிலந்தி வந்தாள்.
டெங்குக் குடம்பி எண்ணுகிற பையன்கள் வந்தார்கள்,
நுளம்பு வலையோடு.
நிலந்தியின் கணவர் மொரட்டுவையில் நூலகர்;
படிவம் ஒன்று அவர் பையில் பஸ் ஏறியது.
பதினைந்து நூலகத்துக்கு
நாங்கள் முறைப்படி அனுப்பிய கடிதத்துக்கு
ஒரு பதிலும் இல்லை.

போன வாரம் மட்டக்களப்பில் இருந்து
யாரோ ஐயம் கேட்டு எழுதியிருந்தார்கள்.
இணைப்பில் அவர்கள் படிவம்.
மேலே அவர்கள் இலச்சினை, அவர்கள் முகவரி,
நடுவில் தடித்த எழுத்தில்
ஆய்வு வரவுப் படிவம்.
சிரித்தேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.
இந்தப் பிழையைப் பின்தொடர்ந்தால்
எங்கள் மேசை எவ்வளவு தூரம் போனதென்று
வரைபடமே கீறலாம்.

திருத்தம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை.
வரவு இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி
மாதக் கடைசியில் சரிபார்க்கிறோம்:
ஒன்று, இரண்டு, பத்தொன்பது வரை
பிரதியோடு பத்திரம்.
சன்னலுக்கு வெளியே மழையில்
ஓட்டோக்கள் வரிசையாய்த் திரும்புகின்றன.
இருபதாவது
இன்னும் வரவில்லை.