அரைக் குதிரை

சிலோயே பக்கம் ஒரு சின்னத் தீவு.
ஒற்றை அறைப் பள்ளி, பதினோரு பிள்ளைகள்.
இன்றைக்குக் கணக்கில் படவரைபடம்.

"பள்ளிக்கு எப்படி வருகிறீர்கள்?"
கேள்விக்குறி போடும் முன்பே
பதில்கள் கத்தலாய் வந்துவிட்டன.
படகில் ஏழு. நடந்து மூன்று.
குதிரையில் மில்லாராய் ஒருத்தி.

அட்டையின் அடியில் எழுதினேன்:
ஒரு படம் என்றால் இரண்டு பேர்.
அங்கேதான் தொடங்கியது வம்பு.

மூன்று படகு ஒட்டியாயிற்று. நாலாவதை
நடுவில் வெட்டக் கத்தரி எடுத்ததும்
ஒத்தோனியேல் எழுந்து நின்றான்.
"பாதிப் படகில் தண்ணீர் ஏறும், டீச்சர்."
படம்தானே என்றேன்.
"படத்திலும் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்."
வெட்டினேன். வெட்டிய வாயில் அவன்
பழுப்புப் பென்சிலால் ஒரு பலகை அடித்தான்,
ஆணி நான்கு, எண்ணி.
அதற்குப் பிறகுதான் ஒட்ட விட்டான்.

குதிரைக்கு இன்னும் பெரிய வழக்கு.
ஒருத்திக்கு அரைக் குதிரை, சரி. எந்த அரை?
தலைதான் என்றது முன்வரிசை.
வாயில்லாவிட்டால் புல் எப்படித் தின்னும்?
மில்லாராய் எல்லாம் கேட்டுவிட்டு
வால் பக்கத்தை எடுத்து ஒட்டினாள்.
"நான் உட்காருவது இங்கே.
முன்னால் அப்பா.
அவர் வாசலோடு திரும்பிவிடுவார்."

பயிற்சிக் கல்லூரியில் சொன்னார்கள்:
படம் சுருக்கும், அதுதான் அதன் வேலை.
சுருக்கியதை எங்கே வைத்தோம் என்று
அங்கே யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

பிறகு படித்துச் சொல்லச் சொன்னேன்.
எதில் அதிகம்? படகு.
எதில் குறைவு? வால்.
படகுக்கும் நடைக்கும் எத்தனை வித்தியாசம்?
யாஸ்னா விரல் மடக்கி நாலு என்றாள்.
சரி என்பதற்குள்,
"காற்று வந்து துறையை மூடினால் இது பொய்" என்றாள்.
அதற்கு வேறு அட்டை போடுவோம் என்றேன்.
"அதில் என்ன வரைவது?"
சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. எயிலின் மட்டும் போகவில்லை.
நடப்பவர் வரிசையில்
அக்கா தங்கைக்கு ஒரு ஜோடி பூட்ஸ்,
அடுத்து அவளுக்கு ஒற்றை பூட்ஸ்.
அதன் பக்கத்தில்
இன்னொன்றை வரைந்து, வெட்டி,
பசை தடவி அழுத்தினாள்.

மூன்று பேர்தானே, எயிலின்?
"இது உங்களுடையது."

நான் எங்கிருந்தும் வருவதில்லையே என்றேன்,
சமையலறைக்குப் பின்னால்தானே என் கட்டில்.
அவள் கதவோரம் பார்த்தாள்.
காலையில் படகுக் கயிறு பிடிக்கப் போய்
கடல் குடித்த என் பூட்ஸ் இரண்டும்
வாய் கவிழ்ந்து கிடந்தன,
கீழே ஒரு சின்ன உப்புக் குட்டை.

மொத்தம் பதினொன்று என்றிருந்ததில்
பின்னால் நின்ற ஒன்றை அழித்துவிட்டு
அவளே இரண்டு எழுதினாள்.
அந்த இரண்டு மட்டும்
இடம் வலம் மாறி நின்றது.